கடன் கொடுத்த கடையும் கடன் வாங்கும் கடையும்

கோலா குபு பாரு வட்டாரத்தில் தோட்டத்துக் கடையைப் பற்றிப் பேச்சு எடுத்தால், பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பற்றுப் புத்தகம். மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் வாங்கலாம், கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பளம் போட்ட அன்று கணக்கைத் தீர்க்க வேண்டும். மழை பெய்து பால்மரம் வெட்டு நின்றுபோன மாதத்தில் கணக்கு தீராது. மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். அந்தப் புத்தகத்தால் பசியாறிய குடும்பங்களும் உண்டு. அதிலிருந்து கடைசிவரை மீளாத குடும்பங்களும் உண்டு.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். சம்பளம் வந்த வாரம், ரவாங் போன்ற ஊர்களில் உள்ள பேரங்காடிகளில் தள்ளுவண்டி நிறைய வாங்கி வருகிறார்கள். அங்கே பற்று எழுதுவார் யாரும் இல்லை. ஆனால் பல சாமான்களின் விலை குறைவு. குளிர்சாதனம், விளக்கு, நூற்றுக்கணக்கான ஊழியர் என்று இத்தனை செலவு செய்யும் கடை எப்படி மலிவாக விற்கிறது?

தள்ளுவண்டியில் தொடங்கிய கடை

மலேசியர் நன்கு அறிந்த டெஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். 1919ல் ஜேக் கோஹன் என்பவர், இராணுவத்திலிருந்து விடுபட்டபோது கிடைத்த பணத்தைக் கொண்டு, கிழக்கு இலண்டன் சந்தையில் மளிகைச் சாமான் விற்கத் தொடங்கினார். முதல் நாள் விற்பனை 4 பவுன். இலாபம் 1 பவுன். 1924ல் ஸ்டாக்வெல் என்ற வணிகரிடம் தேயிலை வாங்கி விற்றபோது, அவருடைய பெயரின் முதலெழுத்துகளையும் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து 'டெஸ்கோ' என்று பெயர் வைத்தார்.

மலேசியாவில் டெஸ்கோவின் முதல் பேரங்காடி 2002ல் பூச்சோங்கில் திறக்கப்பட்டது. அதில் 30 விழுக்காடு பங்கு சைம் டார்பியிடம் இருந்தது. இந்தப் பெயர் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. 1910ல் மலாக்காவில் ரப்பர் தோட்டத் தொழிலை நம்பித் தொடங்கிய நிறுவனம் அது. தோட்டத்தில் சம்பளம் கொடுத்துப் பழகிய நிறுவனம், சம்பளம் செலவாகும் இடத்திலும் பங்காளி ஆனது.

சின்னக் கடைகள் என்னாகும் என்ற கவலை அப்போதே எழுந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய பேரங்காடிகளுக்கு 2004 முதல் அரசாங்கம் தடை விதித்ததும் அந்தக் கவலையால்தான். ஆயினும் டெஸ்கோ வளர்ந்தது. 2006 இறுதியில் மாக்ரோவின் மலேசியக் கிளைகளை வாங்கியது. 2020ல் தாய்லாந்தின் சி.பி. குழுமம் டெஸ்கோவின் தாய்லாந்து, மலேசியத் தொழில்களை வாங்கியது. 1921ல் பாங்காக்கில் விதைக்கடையாகத் தொடங்கிய குழுமம் அது. 2021 முதல் இங்குள்ள கடைகள் 'லோட்டசஸ்' என்ற பெயருக்கு மாறின.

மலிவின் கணக்கு

பேரங்காடிகள் மலிவாக விற்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, மொத்தமாக வாங்குவது. பத்துப் பெட்டி கேட்பவருக்கு ஒரு விலை. பத்தாயிரம் பெட்டி கேட்பவருக்கு வேறு விலை.

இரண்டாவது, எல்லாச் சாமானும் மலிவாக இருப்பதில்லை. அரிசி, பால்மாவு, பிள்ளைகளின் பேம்பர்ஸ் போன்றவற்றின் விலை இல்லத்தரசிகளுக்கு மனப்பாடம். அவற்றின் விலையைக் குறைத்து, விலை ஞாபகம் இல்லாத நூறு சாமான்களில் ஈடுகட்டிக்கொள்வார்கள். எதை யார் எப்போது வாங்குகிறார் என்பதை உறுப்பினர் அட்டை சொல்லிவிடும். டெஸ்கோ இந்த அட்டையை 1995லேயே பிரிட்டனில் கொண்டுவந்தது.

மூன்றாவதுதான் வெளியே தெரியாதது. தோட்டத்துக் கடைக்காரர் டவுன் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு வாங்கி, தொழிலாளிக்குக் கடனுக்கு விற்றார். பணம் திரும்புமா என்ற பயத்தின் விலையையும் சாமானின் மேல்தான் வைத்தார். பேரங்காடியும் கடனுக்குத்தான் வாங்குகிறது. ஆனால் ரொக்கத்துக்கு விற்கிறது. ஒரு கடை நாளுக்கு 1 லட்சம் வெள்ளிச் சரக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 15 நாளில் விற்றுப்போகிறது. கொடுத்தவருக்குப் பணம் 45ஆம் நாள்தான் போகிறது. இடையில் 30 நாள் பணம், அதாவது 30 லட்சம் வெள்ளி, எப்போதும் கடையின் கையில் வட்டியில்லாமல் நிற்கும். அந்தக் காலத்துக் கடை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்தது. இந்தக் காலத்துக் கடை சரக்குக் கொடுப்பவரிடம் கடன் வாங்குகிறது.

சரக்குக் கொடுப்பவர் பெரிய நிறுவனமாக இருந்தால் தாங்குவார். வீட்டில் மசாலா அரைத்துப் பொட்டலம் போடும் நம்மவர் ஒருவர் இரண்டு மாதம் பணத்துக்குக் காத்திருந்தால், மிளகாய் வாங்க எங்கே போவார்? இது வெறும் கற்பனை அல்ல. சரக்குக் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை டெஸ்கோ தாமதப்படுத்தியது கடுமையான விதிமீறல் என்று, பிரிட்டனின் மளிகைத்துறைக் கண்காணிப்பு அதிகாரி 2016 ஜனவரியில் அறிவித்தார்.

புத்தகம் போனது, கடன் போனதா?

அப்படியானால் பற்றுக் கடையே நல்லதா? அப்படியும் சொல்ல முடியாது. அங்கே விலை கேட்கவும் முடியாது, வேறு கடைக்குப் போகவும் முடியாது. இன்று விலை எழுதி ஒட்டியிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வெளியே வரலாம். இது சாதாரண விடுதலை அல்ல.

ஆனால் மாதக் கடைசியில் கையில் காசில்லாத குடும்பம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பேரங்காடி அவர்களை அட்டையிடம் அனுப்புகிறது. கடன் அட்டைக்கு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகிறது. தோட்டத்துக் கடைக்காரருக்கு வீட்டுப் பிள்ளைகளின் பெயர் தெரியும். மகளுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் பொறுப்பார். வங்கிக்கு அது தெரியாது.

செய்யக்கூடியது என்ன? பட்டியல் எழுதிக்கொண்டு போவது; பெரிய பொட்டலம்தான் மலிவு என்று நம்பாமல், கிலோ என்ன விலை என்று கணக்குப் பார்ப்பது; தின்று தீர்க்கும் சாமானுக்கு அட்டையில் கடன் வைக்காமல் இருப்பது. இவை வீட்டளவில்.

ஊர் அளவில் இன்னொன்று இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பேரங்காடி மட்டும் அறிந்த இரகசியம் அல்ல. 1973ல் சிங்கப்பூரின் தொழிற்சங்கக் காங்கிரஸ், தொழிலாளர்களுக்காகத் தோ பாயோவில் ஒரு கூட்டுறவு அங்காடியைத் திறந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய ஃபேர்பிரைஸ் ஆனது. அதற்கும் முன்பே, 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மலேசியத் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தைச் சேர்ந்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஒரு தாமானில் இருபது குடும்பம் சேர்ந்து அரிசி மூட்டை வாங்குவது கடினமான காரியமா என்ன?