ஊர் நூலகம் – 11: வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

சென்ற வாரம், கார்னெகி தந்த பணத்தில் அமெரிக்காவில் எழும்பிய 1,689 நூலகக் கட்டடங்களின் கதையைப் பார்த்தோம். அலமாரிகள் நிறைந்தன. ஊர்க்காரர்கள் புத்தகத்தை எடுத்துப் போனார்கள், படித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் நல்ல நாவல் ஒன்றை முடித்த இரவில் மனசு கிடந்து தவிக்குமே, யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்குமே, அதற்கு அங்கே இடம் இருந்ததா? மாணவர்களுக்கு வகுப்பறை இருக்கிறது. படிப்பை முடித்து முப்பது வருஷம் ஆனவர்கள், கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள் எங்கே போவார்கள்?

எனக்குத் தெரிந்த நேர்த்தியான பதில் ஒன்று, வெர்மாண்ட் மாநிலத்தின் ரட்லண்ட் என்ற சிறு நகரத்திலிருந்து வந்தது. மலைகளுக்கு நடுவே சலவைக்கல் வெட்டிப் பிழைத்த வட்டாரம் அது. வாஷிங்டனில் உச்ச நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் வெள்ளை வெளேரென்று தெரிவது வெர்மாண்ட் சலவைக்கல்தான். 1970களில் ரட்லண்டில் இருபதாயிரம் பேர்கூட இல்லை. நீண்ட குளிர்காலம், சீக்கிரமே இருட்டிவிடும் மாலைகள். அந்தப் பத்தாண்டின் கடைசி வருஷங்களில் அவ்வூர்ப் பொது நூலகம் பெரியவர்களுக்காக ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. பொதுவான ஒரு பொருளை எடுத்துக்கொள்வார்கள். அதையொட்டிச் சில புத்தகங்கள். சில வார இடைவெளியில், புத்தகத்துக்கு ஒரு மாலை. அந்த மாலைக்கு, துறையில் ஊறிய அறிஞர் ஒருவர், பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர், நூலகத்துக்கு வந்து உட்காருவார்.

1982இல் அமெரிக்க நூலகச் சங்கம் இதை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. பெயர் 'லெட்ஸ் டாக் அபௌட் இட்'. நம் வாயில் 'வாங்க, பேசுவோம்' என்று வரும். பணம் தந்தது நேஷனல் எண்டோமெண்ட் ஃபார் தி ஹியூமானிட்டீஸ். இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளுக்காக, லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்த 1965இல் சட்டம் போட்டு அமைத்த அரசு நிதியம் அது. அதன் துணையோடு இயங்கும் மாநில மன்றங்கள் ஓக்லஹோமா, ஐடஹோ, கான்சஸ், லூயிசியானா என்று தத்தம் ஊர்களில் இதை வளர்த்தெடுத்தன. மக்களின் வரிப்பணம் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, மக்களிடம் கூட்டிவர வேண்டும் என்பதில் அந்த மன்றங்கள் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தன. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

ஒரு மாலை எப்படி நடக்கும்? முதல் விஷயம், புத்தகம் முன்கூட்டியே எல்லார் கையிலும் இருக்கும். பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும் நூலகமே பிரதியை இரவலாகத் தரும். அறிஞர் அரை மணி நேரம், மிஞ்சினால் நாற்பது நிமிடம் பேசுவார். எழுதியவர் யார், எந்தக் காலம், எதை எதிர்த்து எழுதினார், எந்த இடத்தில் வாசகர் தடுக்கி விழக்கூடும் என்று வழியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து பேசுவார்கள். கடைசியில் மறுபடி ஒன்றுகூடி, குழுக்களில் கிளம்பிய கேள்விகளை எல்லார் முன்னாலும் வைப்பார்கள். தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் எதுவும் கிடையாது.

பொருள்களைத் தேர்ந்தெடுத்த விதம் தனியாகப் பேச வேண்டியது. குடியேறி வந்தவர்கள் அமெரிக்கர்கள் ஆன கதை, பெண்களின் தன்வரலாறுகள், பெரியவர்கள் திரும்பப் படிக்க வேண்டிய சிறுவர் இலக்கியம். உள்நாட்டுப் போரின் 150ஆம் ஆண்டையொட்டி வந்த தொடரில் மூன்று நூல்கள். ஒன்று ஜெரால்டின் புரூக்ஸ் எழுதிய 'மார்ச்' நாவல். 'லிட்டில் விமன்' கதையில் போருக்குப் போன அப்பா இருக்கிறாரே, அவருடைய கதை. இரண்டாவது, ஆன்டீட்டம் சண்டை பற்றி வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் எழுதிய நூல். மூன்றாவது, எட்வர்ட் அயர்ஸ் தொகுத்த, பலருடைய எழுத்துகள் அடங்கிய தொகைநூல்.

நாவல் படிக்கிற எல்லாரும் வரலாறு படிப்பதில்லை. வரலாறு படிக்கிறவர்களில் பலர் நாவலைத் தொடுவதில்லை. இந்தத் தொடர் இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. முப்பாட்டன் எந்தச் சீருடையில் நின்று சுட்டார் என்பதை இன்றும் மறக்காத குடும்பங்கள் உள்ள நாடு அது. ஆன்டீட்டம் சண்டை நடந்தது 1862 செப்டம்பர் 17. மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் சேர்த்தால் ஒரே நாளில் ஏறக்குறைய 23,000 பேர். ஐந்தே நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை லிங்கன் வெளியிட்டார். அந்த ஐந்து நாள் இடைவெளியை எடுத்துச் சொல்ல அறிஞர் வேண்டும். 'அப்படியானால் எங்கள் ஆட்கள் எதற்காகச் செத்தார்கள்?' என்ற கேள்வியோ அவர் பையில் கொண்டுவரக் கூடியது அல்ல. எதிர்நாற்காலியில் இருப்பவர்தான் அதைக் கேட்க முடியும்.

அறிஞரே வேண்டாம் என்ற மரபும் அங்கே உண்டு. 1947இல் ராபர்ட் ஹட்சின்ஸும் மார்ட்டிமர் ஆட்லரும் சிகாகோவில் தொடங்கிய 'கிரேட் புக்ஸ்' அறக்கட்டளை, செவ்வியல் நூல்களைப் பொதுமக்கள் தாங்களாகவே கூடிப் படித்துப் பேசலாம் என்றது. நடத்துகிறவர் கேள்வி மட்டும் கேட்பார், விளக்கம் தரமாட்டார். மனிதர்மேல் பெரிய நம்பிக்கை வைத்த முறை அது. ஆனாலும் என் மனம் ரட்லண்ட் பக்கமே சாய்கிறது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சம் குறைகிறது. அவர் தன் அளவை அறிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மூர்க் கிளை நூலகம் ஒன்றில் வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பேச்சு முடிந்ததும் பொன்னாடை, நன்றியுரை, தேநீர். முன்வரிசையில் நாவலைக் கையிலேயே வைத்திருந்த ஓர் அம்மா, பக்கங்களில் துண்டுக் காகிதங்கள் செருகிக் கொண்டுவந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. 1948 நூலகச் சட்டத்துக்குப் பிறகு, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறவர்கள் நாம். அந்த அம்மா என்ன குறித்து வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

வெர்மாண்டுக்கே திரும்புகிறேன். அம்மாநில மன்றம் 'கனெக்‌ஷன்ஸ்' என்று இன்னொரு திட்டத்தையும் நடத்தியது. இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகும் பெரியவர்களுக்கானது. சிறைகளுக்கும் சென்றது. அவர்கள் படித்தவை சிறுவர்களுக்கான படப் புத்தகங்கள். எளிய வரிகள், ஆனால் பயம், நட்பு, நியாயம் என்று பெரிய விஷயங்களைத் தொடுகிறவை. அறிஞர் அதே படப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, நாவலைப் பேசும் அதே அக்கறையோடு பேசுவார். முடிந்ததும் புத்தகம் அவர்களுக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம். பிள்ளைக்கு முன்னால் புத்தகத்தைத் திறக்கவே கூசிய ஒரு தகப்பனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

மெய்ன் மாநிலத்தில் 1997இல் இதே முறை மருத்துவமனைக்குள் நுழைந்தது. டாக்டரும் நர்ஸும் மாதம் ஒருமுறை இலக்கிய அறிஞரோடு கூடிக் கதைகளைப் பேசினார்கள். அதைத் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை.

2025 ஏப்ரல் தொடக்கத்தில், இத்தகைய திட்டங்களை நடத்திவந்த மன்றங்கள் 56க்கும் கடிதம் வந்தது, உங்கள் அரசு மானியம் ரத்து என்று. அதே மாதம் மெலன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது. ஆகஸ்டில் ஓரிகன் கூட்டாட்சி நீதிமன்றம் மன்றங்களின் பக்கம் இடைக்காலத் தீர்ப்பு சொன்னது. பெரிய நகரத்து நூலகம் எப்படியாவது சமாளிக்கும். பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய கான்சஸ் கோதுமை வயல் ஊர்களில், பேராசிரியருக்கான சிறு தொகையும் அவருடைய பெட்ரோல் செலவும்தான் அந்த மாலைப்பொழுதுக்கு ஆதாரம்.

அந்த ஊர்களுக்குப் புத்தகங்கள் பெட்டியில் போகும். ஒரு ஊர் படித்து முடித்ததும் பிரதிகளை எண்ணி அடுக்கி அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். பெட்டியைப் பிரிக்கிற நூலகரின் கையில், ஓரத்தில் யாரோ பென்சிலால் மெல்லிய கோடு போட்ட பிரதி ஒன்று தட்டுப்படலாம். அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.

(தொடரும்)