உப்பின் மடியில் நஞ்சு

மண்ணில் புதைத்தால் மட்கிப் போகும் என்பது இலைதழைக்குப் பொருந்தும். ஆர்சனிக்கிற்கோ பாதரசத்திற்கோ பொருந்தாது. அவை தனிமங்கள். தீயாலும் காலத்தாலும் அழியாதவை. ஆகவே, அவற்றை நீரும் உயிர்களும் அணுகாத இடத்தில் அடைத்து வைப்பதொன்றே வழி. அத்தகைய இடம் எது என்னும் வினாவிற்கு ஐரோப்பியப் பொறியாளர் பலர் கண்ட விடை, ஆழத்தில் கிடக்கும் உப்புப்பாறை.

அவ்விடையில் பொருள் உண்டு. உப்பு நீரில் கரையும். பல கோடி ஆண்டுகளாக ஓர் உப்புப் படுகை கரையாமல் நிலைத்திருக்கிறது என்றால், அங்கு நீரோட்டம் இல்லை என்பதற்கு அதுவே சான்று. மேலும், பெரும் அழுத்தத்தில் உப்புப்பாறை பிசைந்த மாவைப்போல மெல்ல நகரும். வெட்டிய குகைகளைத் தானே நெருக்கி மூடிக்கொள்ளும். ஜெர்மனியின் ஹெர்ஃபா-நாய்ரோடா சுரங்கத்தில் 1972ஆம் ஆண்டு முதல் நச்சுக் கழிவுகள் இவ்வாறு வைக்கப்பட்டு வருகின்றன.

பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. விட்டல்சைம் என்னும் ஊரின் பொட்டாசு உப்புச் சுரங்கத்தில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், 1999ஆம் ஆண்டு ஸ்டோகாமின் கிடங்கு திறக்கப்பட்டது. ஆர்சனிக், பாதரசம், சயனைடு, கல்நார் ஆகியவை கலந்த கழிவுகள் பீப்பாய்களிலும் பெரும்பைகளிலும் இறக்கப்பட்டன. தேவை ஏற்பட்டால் அனைத்தையும் மீண்டும் மேலே எடுத்துவிடலாம் என்பது ஊராருக்கு அளிக்கப்பட்ட உறுதி. எரியும் தன்மையுள்ள கழிவுகளுக்கு அங்கு இடமில்லை என்பது விதி.

2002ஆம் ஆண்டு செப்டம்பரில் கிடங்கினுள் தீப்பற்றியது. ஏற்கத் தகாத கழிவுகளும் உள்ளே சென்றிருந்தன. தீயை முற்றிலும் அணைக்க இரண்டு மாதங்களுக்கும் மேலாயின. அதன்பின் புதிய கழிவுகள் இறக்கப்படவில்லை. அதற்குள் ஏறத்தாழ 44,000 டன் உள்ளே சேர்ந்திருந்தது.

எடுத்துவிடலாமே என்றால், உப்பு காத்திருக்கவில்லை. கூரை தாழ்ந்தது, சுவர்கள் நெருங்கின, பீப்பாய்களின்மேல் பாறை அழுந்தத் தொடங்கியது. எந்தப் பண்பை நம்பி உப்பைத் தேர்ந்தார்களோ, அந்தப் பண்பே மீட்பு வழியை அடைத்தது. விவாதங்களில் ஆண்டுகள் கழிந்தன. 2014 முதல் 2017 வரை ஏறத்தாழ 2,300 டன் மட்டுமே வெளியேற்றப்பட்டது. அவற்றுள் பெரும்பகுதி பாதரசக் கழிவு.

இங்கே அச்சம் நெருப்பைப் பற்றியதன்று; நீரைப் பற்றியது. அல்சாஸ் சமவெளியின் அடியில் ஐரோப்பாவின் மிகப்பெரும் நிலத்தடி நீர்த்தேக்கங்களுள் ஒன்று உள்ளது. அதனை ஊடுருவித்தான் சுரங்கக் குழிகள் கீழே இறங்குகின்றன. அவற்றின் வழியே நீர் கசிந்து பழைய சுரங்கத்தை நிரப்பலாம். நகரும் உப்பு, நஞ்சு கரைந்த உவர்நீரைப் பிழிந்து மேலே தள்ளலாம். இது நாளையோ மறுநாளோ நிகழ்வதன்று. நூற்றாண்டுக் கணக்கில் நிகழக்கூடியது. காலம் நெடிது என்பதாலேயே முடிவெடுப்பது கடினமாயிற்று. சுரங்கக் கழிவு உப்பு மேடுகளால் கிணற்றுநீர் உவர்த்ததை முன்பே கண்டவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களது ஐயம் வெறும் கற்பனை அன்று.

எஞ்சிய கழிவுகளை அங்கேயே விட்டு, சுற்றிலும் கான்கிரீட் தடுப்புகளால் அடைப்பதெனப் பிரெஞ்சு அரசு முடிவு செய்தது. மீண்டும் உள்ளே சென்று எடுப்பது தொழிலாளர் உயிருக்கு இடர் என்பது அரசுத் தரப்பின் வாதம். எடுக்கக்கூடியதை எடுத்த பின்னரே மூட வேண்டும் என்று உள்ளூர் அமைப்புகள் நீதிமன்றங்களில் வழக்காடின. வழக்குகள் நடந்த காலத்திலும் கீழே கூரை தாழ்ந்துகொண்டுதான் இருந்தது.