உப்பு ஒளிந்திருந்த இடம்

தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக்குப் போன என் தம்பி, ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்தில் மாட்டிக்கொண்டான். 142/90. சற்று நேரம் அமரவைத்து மீண்டும் பார்த்தார்கள், பெரிதாகக் குறையவில்லை. வயது 18, காற்பந்து விளையாடுபவன், ஆளும் ஒல்லி. சில நாள்கள் வீட்டில் அளந்து எழுதிவரச் சொன்னார்கள். பாட்டியின் கருவியைப் பேரன் கடன் வாங்கினான்.

தலைவலி, மயக்கம் எதுவும் அவனுக்கு இல்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. 13 வயதுக்குமேல் பெரியவர்களுக்கான அளவுகோலைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்: 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 130/80ஐ எட்டினால் கவனிக்க வேண்டும். ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது. பதற்றம், சற்றுமுன் குடித்த காப்பி, கையின் பருமனுக்குச் சிறியதான பட்டை எல்லாமே அளவை ஏற்றிவிடும்.

அம்மா உடனே ஊறுகாய்ப் புட்டியை ஒளித்துவைத்தார். நானோ அவன் இரண்டு நாள் சாப்பிட்டதை எல்லாம் குறித்துவைத்தேன். (உயிரியல் படிக்கும் அக்கா இருந்தால் இந்தத் தொல்லை உண்டு.) ஊறுகாய் ஒருமுறைகூட வரவில்லை. வந்தது, கணினி விளையாட்டுக்கு நடுவே நள்ளிரவில் சாப்பிட்ட உடனடி நூடல்ஸ். அந்தப் பொட்டலத்தில் சோடியம் 1,600 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒருநாள் வரம்பே 2,000 மில்லிகிராம்தான், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. மறுநாள் உணவங்காடி நிலையத்தில் மீன் உருண்டை நூடல்ஸ், சூப்பைக் கடைசிச் சொட்டுவரை. சாயங்காலம் சாஸில் குளித்த கோழி.

இது அவன் கதை மட்டுமல்ல. சிங்கப்பூரர்கள் 2022ல் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொண்டதாகச் சுகாதார மேம்பாட்டு வாரியம் கூறியது.

“அக்கா, விளையாடுறேன்ல, எல்லாம் வேர்வையில போயிடும்” என்றான். அவ்வளவு போவதில்லை. சோடியம் கூடும்போது உடல் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடி, குழாய்ச் சுவர்களை அழுத்துகிறது. தூங்கும்போது ரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கும். இரண்டு மணிவரை விழித்திருப்பவனுக்கு அந்த ஓய்வும் குறைகிறது. கீரை, பருப்பு, வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவும். அவன் பட்டியலில் அவை மூன்றும் இல்லை.

பானங்களில் நாம் பார்க்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை, 2027 நடுவில் உடனடி நூடல்ஸ், சாஸ் வகைகளுக்கும் வரவிருக்கிறது. அதுவரை பொட்டலத்தின் பின்புறம்தான் கதி. அங்கே இருப்பது முழுப் பொட்டலத்தின் கணக்கா, 100 கிராமுக்கானதா என்று பாருங்கள். நான் முதலில் அதில்தான் ஏமாந்தேன்.

தம்பி நூடல்ஸை விடவில்லை. பாதித் தூள் போடுகிறான், சூப்பை மிச்சம் வைக்கிறான், ஒரு மணிக்குமுன் படுக்கிறான். முதல் வாரம் “சப்புன்னு இருக்கு” என்று முணுமுணுத்தவனுக்கு ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது 128/78, மருத்துவர் மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

மிச்சமாகும் பாதித் தூளை வீணாக்க மனமில்லாமல் அம்மா உருளைக்கிழங்கு வறுவலில் சேர்த்துவந்ததைச் சென்ற வாரம்தான் கண்டுபிடித்தோம்.