கறுத்த அலுமினியக் காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

செல்லிப்பட்டில் அத்தை வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் கறுத்துப்போன காசுகள்: சதுர 5 பைசா, அறுகோண 20 பைசா, கூடவே ஒரு பிரெஞ்சு பிராங்க். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் கொண்டு வந்ததில் மிச்சம் அந்த ஒன்றுதான். எல்லாமே அலுமினியம்.

“புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்” என்றார் அத்தை. குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு வேண்டாம் என்று தடுத்தேன். காரணம், நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். சலவை சோடா கலந்த வெந்நீரில் ஒரு 20 பைசாவைப் போட்டேன். குமிழ் குமிழாக வந்தது. அழுக்கு போகிறது என்று பார்த்தால், போனது காசு! ஆண்டு எண்ணே மழுங்கிவிட்டது.

அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அதற்குக் கவசமே அதுதான். சோடா, சுண்ணாம்பு, சாம்பல் மூன்றும் அதைக் கரைத்து உலோகத்தையும் அரிக்கும். குமிழாக வருவது ஹைட்ரஜன். புளியோடு உப்பும் சேர்ந்தால் குண்டூசிக் குத்தல் போலப் பள்ளம் விழும். 1 பைசாவின் எடையே முக்கால் கிராம். அதில் இழக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாளும் சோடாவும் போட்டுப் பளபளப்பாக்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தேய்ந்துபோவது அந்தத் தாள். நம் காசும் அதே ஜாதி!

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் (ஆசிட் அல்ல) கடையில் கிடைக்கும். அதில் ஒரு நாள் ஊறவிடுங்கள். நீர் கலங்கினால் மாற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு போதும். எழுத்து இடுக்கில் இருக்கும் அழுக்கை, ஊறிய பல்குச்சியால் மெதுவாக நெம்புங்கள். பஞ்சால் ஒற்றி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். தேய்க்கவே கூடாது. பழைய கேன்டீன் டோக்கனுக்கும் இதே வழிதான்.

பாலிஷ் போட்ட காசை நாணயம் சேர்ப்பவர்கள் விரும்புவதில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆக, கடைக்காரருக்கும் அது வேண்டாம்.

பிராங்கில் கறுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் 1947 என்பது தெளிவாகத் தெரிந்தது. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் 1941 முதல் அலுமினியத்தில் வந்த வரிசை அது.

அத்தை மறுபடி மஞ்சள் நனைத்த துணியை எடுத்தார். “காயட்டும் அத்தை” என்றேன். செம்புக் காசைத் தனியே வைக்கவும் சொன்னேன். ஈரத்தில் இரண்டும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும். “காசுக்குள்ளயும் மாமியார் மருமக சண்டையா?” என்றபடி துணியைக் கொடியில் போட்டார்.