மெய்நிகர் உலகம் நம் ஊருக்கு வரும் வழி

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை என நீளும் எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. இங்குள்ள பெட்டிக்கடையிலும் இன்று கைப்பேசி வழியே பணம் பெறுகின்றனர். ஆனால் தலையில் அணிந்ததும் வேறோர் உலகைக் கண்முன் நிறுத்தும் மெய்நிகர்க் கருவியை நாம் வீடுகளில் காண்பது அரிது. அது எப்போது, எவ்வழியே நம்மை வந்தடையும்?

இக்கருவி புதிதன்று. 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய தலைக்கருவி, கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவு பளுவாக இருந்தது. 1995இல் நின்டெண்டோ வெளியிட்ட 'விர்ச்சுவல் பாய்' ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. 2014இல் ஆக்குலஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2024இல் ஆப்பிளின் 'விஷன் புரோ' 3,499 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது.

இத்தனை முதலீட்டுக்குப் பின்னும் பரவல் மெதுவாக இருப்பதற்கு விலை ஒரு காரணம். உடல் மற்றொன்று: கண் 'நகர்கிறோம்' என்கிறது, உட்செவியோ 'அசையவில்லை' என்கிறது. இம்முரண்பாட்டால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. மூன்றாவது, நம் மொழியில் பயனுள்ள உள்ளடக்கம் குறைவு.

இத்தகைய தடைகளைக் கேரளம் முன்பே சந்தித்திருக்கிறது. 1984இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். பார்வையாளர் எவரும் கண்ணாடியை விலைகொடுத்து வாங்கவில்லை. அரங்கில் பெற்று, அங்கேயே திருப்பிக் கொடுத்தனர். கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' பரவும் என்ற அச்சம் எழுந்தபோது, அவை தூய்மை செய்யப்படுவதைப் புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டே திரையில் விளக்கினர். செலவைப் பகிர்வு தீர்த்தது. அச்சத்தை நம்பகமான விளக்கம் தீர்த்தது.

வங்கித்துறையின் அனுபவமும் இதுவே. 1987இல் மும்பையில் நாட்டின் முதல் ஏ.டி.எம். நிறுவப்பட்டது. பொது இயந்திரமாக இருந்ததால்தான் அது எளியவருக்கும் பயன்பட்டது. 2016இல் வந்த யு.பி.ஐ.யோ ஏற்கெனவே கையிலிருந்த கைப்பேசியிலேயே இயங்கியது.

ஆகவே மெய்நிகர்க் கருவியும் முதலில் பள்ளி, தொழிற்பயிற்சி நிலையம், கிராம நூலகம் போன்ற பொது இடங்கள் வழியாகவே வரக்கூடும் என எண்ணுகிறோம். வெல்டிங் பழகுபவர் கம்பியையும் தகட்டையும் வீணாக்காமல் பலமுறை பயிலலாம். அறிவியல் பாடத்தில் மாணவர் இதயத்தின் உள்ளறைகளைச் சுற்றிப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. ஆனால் விளக்கக் குரல் தமிழில் ஒலிக்காவிட்டால், எல்லைக் கிராமத்தில் தமிழ்வழி பயிலும் பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கையாகவே முடியும். இக்கோரிக்கையை இப்போதே எழுப்புவது நல்லது.

தவணையில் வாங்க விழையும் வாடிக்கையாளர்கள் மூன்றைக் கருத வேண்டுகிறோம். தவணை முடியும் முன்பே கருவி பழமையாகிவிடுமா? பிள்ளையின் வயது தயாரிப்பாளர் விதித்த வரம்புக்குள் உள்ளதா? கண், கை அசைவுகளைப் பதியும் இக்கருவி, அத்தகவலை யாரிடம் சேர்க்கிறது? தொழிலுக்குப் பயன்படுமெனில், அதனால் கூடும் வருமானத்தைத் தவணைத் தொகையுடன் ஒப்பிட்டுப் பார்த்துக் கடன் பெறலாம். பொழுதுபோக்குக்கு எனில், சேமித்து வாங்குவதே சிறப்பு. காத்திருக்கும் காலத்தில் விலையும் குறையக்கூடும்.