மண்ணிலிருந்து வந்த மருந்து

முதல் மழை விழுந்ததும் தரையிலிருந்து ஒரு மணம் எழும்பும். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்களே அதற்குக் காரணம். அவை சுற்றியுள்ள கிருமிகளை அடக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. நாம் விழுங்கும் அன்ரிபயோற்றிக் மருந்துகள் பலவற்றின் பிறப்பிடம் இதுவே. (1928இல் கண்டறியப்பட்ட பெனிசிலின் பூஞ்சணத்திலிருந்து வந்தது.)

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு வயலின் மண்ணிலிருந்து பெறப்பட்ட ஒரியோமைசின் 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்டவர் பெஞ்சமின் டகர். அந்த ஆய்வை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ். அதே ஆண்டு ஓகஸ்ற்றில் அவர் காலமானார். எம்மவர் பலருக்கு அவரது பெயரே தெரியாது.

அந்தக் குடும்பத்தில் பின்னர் வந்ததுதான் டொக்சிசைக்கிளின். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயல் வேலை செய்வோருக்குக் கொடுக்கப்படுவது இது.

எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக இக்கிருமி உடலுக்குள் புகுகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலில் சிலர் இறந்தனர். அது எலிக்காய்ச்சலே என்று பரிசோதனையில் தெரிந்தது. இடம்பெயர்ந்து பல காலத்தின் பின் பற்றை மூடிய காணியைத் திருத்துவோர் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் எலி பெருகியிருக்கும்.

வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், வயல் வேலை முடியும்வரை. சாப்பிட்டபின் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே புண்ணாகும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் வைத்தியரைக் கேளாமல் எடுக்கக் கூடாது.

இடம்பெயர்ந்திருந்த நாட்களில் மருந்துத் தட்டுப்பாட்டால் மிஞ்சிய குளிசைகளை முடிந்து வைத்துப் பங்கிட்டோம். அன்று வேறு வழியில்லை. இன்றும் அப்பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தடிமனுக்கு இரண்டு அமொக்சிசிலின் விழுங்குவதால் தடிமன் மாறாது, அது வைரசால் வருவது. பாதியில் நிறுத்திய மருந்தோ பிறகு தேவைப்படும்போது கேட்காமல் போகலாம்.

டொக்சிசைக்கிளின் எடுத்தாலும் எலிக்காய்ச்சல் வரக்கூடும். கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோவுக்கென்று கடையில் வேறு குளிசை வாங்க வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைத்தியர் கேட்காவிட்டாலும், வயலில் இறங்கியதையும் எத்தனை வாரம் குளிசை எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.