பொன் வைக்கும் இடத்தில் வைக்கோல்

பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது நம்மவர் வழக்கம். சென்ற பொங்கலன்று எம் இல்லத்தில் வைக்கோலை வைத்தோம். அச்செய்தியைச் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயனுடைத்து எனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

இட்டார்சி சந்திப்பில் எழுத்தராகப் பணிபுரியும் யாம் செல்வர் அல்லோம். தங்கையின் திருமணத்தின் பொருட்டு எம் இல்லாளின் தோடும் வளையலும் வட்டிக்கடை சென்றன. சங்கத்துப் பொங்கல் விழாவும் நெருங்கிற்று. "வேப்பங்குச்சி செருகிய காதோடு நான் எப்படி வருவேன்? பிள்ளையை அழைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்" என்றாள் இல்லாள். எமக்கு மறுமொழி எழவில்லை.

ஏழாம் வகுப்பிற் பயிலும் எம் மகள் இதனைக் கேட்டிருந்தாள். கோதுமைத் தாளைப் பிளந்து அட்டையில் ஒட்டிப் பூவும் பறவையும் ஆக்கும் வேலையைப் பள்ளியிற் கற்பித்திருந்தனர். பங்குனி அறுவடையில் அவள் சேர்த்த தாளில் ஒரு கட்டு பரண்மேற் கிடந்தது. மூன்று மாலைப் பொழுதுகள் அதனோடு கழித்தாள். நான்காம் நாள் அன்னையின் உள்ளங்கையில் இரண்டு தோடுகளை வைத்தாள். நடுவினின்று கதிர் விரிந்தாற்போன்ற வட்டங்கள். தலையை அசைத்தால் ஒரு பகுதி ஒளிரும், மற்றொன்று இருளும். பொன்னோ என்று ஐயுறத்தக்க நிறம்.

மரத்தின்மேல் தாளை ஒட்டிச் சித்திரம் ஆக்கும் இக்கலை ஐரோப்பாவிற் பழைமையானது. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797இல் ஒரு பெருஞ்சிறை அமைத்தனர். பிரெஞ்சுப் போர்க் கைதிகள் ஆயிரக்கணக்கில் அங்கே ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்தனர். நாட்டையும் வீட்டையும் பிரிந்த அவர்கள் சோர்ந்து மடியவில்லை. வைக்கோலைப் பிளந்து, சாயமேற்றி, சிறு பேழைகளின்மேல் ஒட்டிச் சிறைவாயிற் சந்தையில் விற்றனர். தொப்பி செய்வதற்கான வைக்கோற் பின்னலை அவர்கள் விற்பது தடுக்கப்பட்டது. உள்ளூர் ஏழைகளின் பிழைப்பு கெடும் என்பது காரணம். 1814இல் சிறை ஒழிந்தது. அப்பேழைகள் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் உள.

பின்னர் 1920களில் பாரிசு நகரத்து ஆந்திரே குரூல், ழான் மிஷேல் பிராங்க் ஆகியோர் உயர்ந்த மரச்சாமான்களை வைக்கோலால் அணிசெய்தனர். மறுபடியும் மங்கிய கலையைக் குரூலின் பேர்த்தியான லிசோன் த கோன் அம்மையார் மீட்டெடுத்தார். இன்று அவ்வழியிலேயே தோடும் பதக்கமும் செய்வோர் பலர் உளர்.

வைக்கோலுக்கு மினுக்கு எங்ஙனம் வந்தது? தாளின் மேற்றோலில் மணற்சத்து உண்டு. அதுவே மெருகாக நின்று ஒளியைத் திருப்பி விடுகிறது. பட்டுப் புடவையைப் போலவே, தாள் கிடக்கும் திசைக்கேற்ப ஒளி மாறும். ஆதலின் ஒரே நிறத்துத் தாளைத் திசை மாற்றி ஒட்டினாற் போதும், இரு நிறமாகத் தோன்றும். இதுவே இக்கலையின் உயிர். ஐரோப்பியர் பெரும்பாலும் ரை என்னும் தானியத்தின் நீண்ட தாளைக் கொள்வர். நமக்குக் கோதுமைத் தாள் பொருந்தும். நெல்தாளில் மணற்சத்து மிகுதியாகலின் அது சொரசொரப்பானது, எளிதில் நொறுங்கும்.

செய்முறையைக் கூறுவோம். இயந்திரத்தில் அடிபட்ட தாள் நசுங்கிப் போகும். கையால் அறுத்ததே வேண்டும். கணுக்களை நீக்கி, இடைப்பட்ட பகுதியை மட்டும் கொள்க. நிறம் வேண்டின் துணிச்சாயத்திற் கொதிக்க வைக்கலாம். தண்ணீரில் ஊறிய தாளை நகத்தால் நெடுகக் கீறி விரித்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் நாடாவைப் போலாகும். நாடாக்களை இடைவெளியின்றி மெல்லிய காகிதத்தின்மேல் பசையிட்டு ஒட்டுக. கனத்த புத்தகத்தின் கீழ் ஓரிரவு கிடக்கட்டும். மறுநாள் ஆப்பு வடிவில் வெட்டி, மெல்லிய மரவில்லையின்மேல் நுனிகள் நடுவிற் கூட அடுக்கி ஒட்டுக. விளிம்பில் மட்டும் வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே புகாது. வளையற்கடையில் விற்கும் தோட்டுத் தண்டைப் பின்புறம் பொருத்துக. கத்தி பிடிக்கும் வேலையைப் பெரியவர் செய்வது நன்று.

விழாவிற்கு இல்லாள் வந்தாள். பெண்கள் வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அவள் காதைத் தொட்டுப் பார்த்து, "ஏம்மா, புதுத் தோடா? எத்தனை பவுன்?" என்று வினவினார். இல்லாள் சற்றே தயங்கினாள். யாம் தொலைவிலிருந்து அவள் முகத்தையே நோக்கினோம். "பவுன் இல்லை பெரியம்மா, வைக்கோல். என் மகள் செய்தது" என்றாள். அருகிலிருந்தோர் சிலர் நகைத்தனர். முதியவரோ நகைக்கவில்லை. தோட்டைக் கழற்றச் சொல்லி, விளக்கின் கீழ்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பேத்திக்கும் சொல்லிக் கொடுப்பாளா?" என்று கேட்டார். இப்போது ஞாயிறுதோறும் எம் குவார்ட்டர்சுத் திண்ணையில் ஐந்து சிறுமியர் தாள் கீறுகின்றனர்.

பொன் வேண்டாம் என்று யாம் கூற வரவில்லை. இடருற்ற வேளையில் கைகொடுப்பது பொன்னே; எம் தங்கையின் திருமணத்தை நடத்திக் கொடுத்ததும் அதுவே. இல்லாளின் தோடு இன்னும் மீளவில்லை. மாதந்தோறும் வட்டி கட்டி வருகிறோம். ஆயினும் வெறுங்காதோடு வீட்டிற் கிடக்க வேண்டுவதில்லை என்பதை எம் மகள் உணர்த்தினாள். எம் வீட்டில் வட்டிக்கடைக்கு வழியறியாத நகை அந்த வைக்கோல் தோடு ஒன்றே.

வரும் பங்குனியில் கோதுமை விளையும் ஊர்களில் வாழும் அன்பர்கள், வயல் மூலையில் இயந்திரம் எட்டாது விட்ட தாளில் ஒரு கட்டு கேட்டு வாங்கி வைப்பார்களாக.